பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்கும் வாக்கு உண்டு: ‘ரெஜிஸ்டர் டு வோட்’ சேவை பற்றி

சாப்பாட்டுக்கடை, கார் இன்சூரன்ஸ், ஊருக்குக் காசு அனுப்பும் அப் என்று எல்லாவற்றுக்கும் நாங்கள் நட்சத்திரம் போடுகிறோம். அரசாங்கத்தின் கவ் டொட் யூகே தளத்தில் இருக்கும் ‘ரெஜிஸ்டர் டு வோட்’ என்ற வாக்காளர் பதிவுப் பக்கத்தைப் பற்றித் தமிழில் ஒருவர் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. லண்டனில் கவுன்சில் (உள்ளூராட்சி) தேர்தல் வரும் ஒவ்வொரு தடவையும் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் பட்டியலில் பெயர் இல்லாமல் வெளியே நிற்கிறார்கள், அதில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதே தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பக்கம் நன்றாக வேலை செய்கிறது, இலவசம், ஐந்து நிமிடத்தில் முடிகிறது. ஒரு நட்சத்திரத்தைக் குறைப்பது ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் யாருக்கு உரிமை என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் பிழையான கதை அதிகம் உலாவுவது இங்கேதான். “சிற்றிசன்ஷிப் எடுத்த பிறகுதான் வோட்” என்று கோயிலிலும் கடையிலும் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அது சரியில்லை. பொதுநலவாய நாட்டுக் குடிமகனாக இருந்து, இங்கே வசித்து, இருப்பதற்குச் செல்லுபடியான அனுமதியும் இருந்தால் நீங்கள் பதிவு செய்யலாம். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா எல்லாமே பொதுநலவாய நாடுகள். ஸ்டூடன்ட் வீசாவில் போன செப்டம்பரில் வந்து இறங்கிய பிள்ளைக்கும் உண்டு, கெயார் ஹோமில் வேலை செய்யும் அக்காவுக்கும் உண்டு, திருச்சியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ என்.எச்.எஸ். வேலைக்கு வந்த நர்சுக்கும் உண்டு, அவருடைய டிப்பென்டன்ட் வீசாவில் வந்த கணவருக்கும் உண்டு. அகதி அந்தஸ்து கிடைத்து இன்னும் இலங்கைக் குடியுரிமையிலேயே இருக்கிறவர்களுக்கும் உண்டு. உள்ளூராட்சித் தேர்தலில் மட்டுமில்லை, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வேறு பல நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே இல்லாத உரிமை இது, எங்களுக்குக் கையில் கிடக்கிறது.

இது யாரோ அண்மையில் கொடுத்த சலுகையும் இல்லை. பேரரசு இருந்த காலத்தில் காலனி நாட்டு மக்களும் பிரித்தானியப் பிரஜைகளாகவே கணக்கில் எடுக்கப்பட்டார்கள், 1918ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் அந்த அடிப்படையில்தான் எழுதப்பட்டது. நாடுகள் சுதந்திரம் அடைந்த பிறகும் அந்த உரிமையை எடுத்துவிடாமல் தொடர விட்டார்கள். இப்போது நடைமுறையில் இருக்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது.

உரிமை இல்லாதவர்களையும் சொல்லிவிட வேண்டும். அசைலம் கேட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறவர்கள், வேறு அனுமதி எதுவும் கையில் இல்லையென்றால், பதிவு செய்ய முடியாது. வீசா முடிந்து போனவர்களும் முடியாது. பிள்ளையைப் பார்க்க விசிட் வீசாவில் வந்த அம்மா அப்பாவுக்கு இல்லை, அவர்கள் இங்கே வசிக்கிறவர்கள் இல்லையே. தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், ஆகவே நிலைமை தெளிவில்லாதவர்கள் முதலில் கவுன்சிலின் தேர்தல் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆனால் உரிமை இருக்கிறவர் பயப்பட ஒன்றுமே இல்லை. வோட் போட்டால் வீசா நீட்டிக்கும்போது பிரச்சினை வருமா என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்துவது வீசா நிபந்தனையை மீறுவது ஆகாது என்று அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

அடுத்தது, ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்து குடியேறிய எங்கள் ஆட்கள். இவர்களுடைய நிலைமை கொஞ்சம் சிக்கல். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துக் கடவுச்சீட்டோடு பல வருடங்களுக்கு முன்பே லண்டனுக்கு மாறி வந்த குடும்பங்கள் நிறைய. இங்கிலாந்தில் 2024 மே மாதம் விதி மாறியது. 2020 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே இங்கே சட்டப்படி வசித்து வருகிற ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உள்ளூராட்சி வாக்கு தொடர்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் என்றால், பிரித்தானியா ஒப்பந்தம் செய்திருக்கும் போர்த்துக்கல், ஸ்பெயின், போலந்து, டென்மார்க், லக்ஸம்பேர்க் நாட்டவருக்கும், அயர்லாந்து, சைப்பிரஸ், மால்டா நாட்டவருக்கும் மட்டும்தான். நோர்வே, சுவிஸ் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இங்கிலாந்தில் இல்லை, அதே ஆட்கள் ஸ்கொட்லாந்திலோ வேல்ஸிலோ சட்டப்படி வசித்தால் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஒரே நாட்டுக்குள் இப்படி மூன்று நான்கு விதி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விதி இதுதான்.

சரி, பக்கத்துக்கு வருவோம். எங்கே வசிக்கிறீர்கள், எந்த நாட்டுக் குடியுரிமை, பிறந்த தேதி, பெயர், முன்பு வேறு பெயர் இருந்ததா, நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், முகவரி, அண்மையில் வீடு மாறினீர்களா என்று ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்றுதான் வரும். இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே பக்கத்தில் நாற்பது கட்டங்களைப் போட்டுப் பயமுறுத்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள், ஃபோனிலேயே வடிவாகச் செய்யலாம், பஸ்சில் இருந்தபடியே முடிக்கலாம். ஆங்கிலமும் வெல்ஷும்தான் இருக்கிறது, தமிழில் இல்லை. ஆங்கிலம் இலகுவானதுதான், ஆனாலும் எழுபது வயது அம்மா தனியாக இருந்து செய்வார் என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இணையம் வேண்டாம் என்கிறவர்கள் கடதாசிப் படிவம் நிரப்பிக் கவுன்சிலுக்கு அனுப்பலாம்.

நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இல்லை என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். புதிதாக வந்த மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். நம்பர் இல்லாவிட்டால் கவுன்சில் வேறு வழியில் உங்களை அடையாளம் காணும், கடவுச்சீட்டுப் பிரதி போன்ற ஆவணத்தைக் கேட்கலாம், அவ்வளவுதான்.

எங்களுக்கு உண்மையான சிக்கல் வருவது பெயரில். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். எங்களில் ஒருவருக்கு அப்பாவின் பெயர் முதலில், இன்னொருவருக்குக் கடைசியில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு இனிஷியல் மட்டும், கலியாணத்துக்குப் பிறகு சிலருக்குக் கணவர் பெயர். நீங்கள் கொடுக்கும் பெயரும் பிறந்த தேதியும் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரும் அரசாங்கப் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் கடிதம் வரும், ஆவணம் கேட்பார்கள், அந்தக் கடிதத்தைத் தேவையில்லாத தபால் என்று நினைத்து ஒரு பக்கம் போட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே வீட்டில் கூப்பிடும் பெயர், வேலையிடத்தில் சுருக்கிக் கூப்பிடும் பெயர் எதுவும் வேண்டாம். நேஷனல் இன்சூரன்ஸ் கடிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், கடவுச்சீட்டிலும் அதே பெயர்தானா என்று ஒரு தடவை பாருங்கள். வாக்களிக்கப் போகும் அன்றும் இது உதவும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

‘ஓப்பன் ரெஜிஸ்டர்’ பற்றி ஒரு கேள்வி வரும். வாக்காளர் பட்டியலுக்கு இரண்டு வடிவம் இருக்கிறது. முழுப் பட்டியல் தேர்தலுக்கும் சட்டம் அனுமதித்த சில வேலைகளுக்கும் மட்டும். ஓப்பன் ரெஜிஸ்டரை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். அதில் உங்கள் பெயர் வேண்டாம் என்று அங்கேயே தெரிவு செய்யலாம், அதனால் உங்கள் வாக்குரிமைக்கு எந்தக் குறையும் வராது. நான் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கிறேன், நீங்களும் அப்படிப் போடுங்கள் என்பேன். வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்து முகவரி வெளியே தெரியக்கூடாது என்று இருக்கிறவர்களுக்குப் பெயரில்லாமல் பதிவு செய்யும் ஒரு தனி வழியே உண்டு, அதற்குச் சில ஆதாரங்கள் தேவை, கவுன்சில் விளக்கும்.

இப்போது அந்த ஒரு நட்சத்திரத்தைப் பற்றி. என் பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று இந்தத் தளத்தில் பார்க்க முடியாது. பாங்க் கணக்கை, ஜீபி எனும் குடும்ப வைத்தியரிடம் உள்ள பதிவை, காரின் வருடாந்த எம்.ஓ.டி. சோதனையைக் கூட ஃபோனில் பார்க்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று அறிய மட்டும் உள்ளூர்க் கவுன்சிலின் தேர்தல் பதிவு அலுவலகத்துக்குப் ஃபோன் எடுக்க வேண்டும் அல்லது மின்னஞ்சல் போட வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் எந்தக் கவுன்சில், எந்த நம்பர் என்று வரும், ஆனால் அதற்கு மேல் எதுவும் இல்லை. நாடு முழுக்க ஒரே பட்டியலாக வைக்காமல் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக வைத்திருப்பதால் இப்படி. எனக்கு ஒரு கவுன்சிலிலிருந்து பதிவு உறுதிக் கடிதம் வர வாரக்கணக்கில் ஆனது. தேர்தல் நெருங்கிய நேரத்தில் அந்த இடைவெளியில் இருப்பவருக்கு எவ்வளவு பதற்றமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், பலர் பதறிப்போய் இரண்டாம் தடவையும் விண்ணப்பிக்கிறார்கள், அதனால் அலுவலகத்துக்கு வேலை இன்னும் கூடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு, அது தளத்தினுடையது என்பதைவிட முழு ஏற்பாட்டினுடையது. யாரும் உங்களைத் தேடி வந்து பதிய மாட்டார்கள். இலங்கையில் முன்பு வருடாவருடம் கிராம சேவகர் மூலம் வீட்டுக்குப் படிவம் வரும், வீட்டின் பிரதான குடியிருப்பாளர் எல்லோருடைய பெயரையும் எழுதிக் கொடுப்பார், அதோடு சரி. இங்கேயும் முன்பு ஒருவர் முழு வீட்டுக்கும் நிரப்பினார். 2014இல் அது மாறி, ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தன்னைப் பதிய வேண்டும் என்று ஆனது. இப்போதும் வருடத்தின் இரண்டாம் பாதியில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கவுன்சிலிலிருந்து கடிதமோ மின்னஞ்சலோ வரும், அதில் அப்பா எல்லோர் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பார். முடியவில்லை. அந்தப் பதிலில் பெயர் இருந்தால் உங்களைப் பதிவு செய்யச் சொல்லி அழைப்பு வரும், பதிவு நீங்கள்தான் செய்ய வேண்டும். கவுன்சில் ராக்ஸ் என்ற உள்ளூர் வரி கட்டுகிறோமே, அவர்களுக்கு எங்களைத் தெரியும்தானே என்று கேட்பார்கள். கவுன்சில் ராக்ஸ் கணக்கில் பெயர் இருப்பதும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதும் வேறு வேறு.

தேர்தல் ஆணையம் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பட்டியலில் இருக்க வேண்டியவர்களில் 86 வீதமானவர்கள்தான் சரியாகப் பதியப்பட்டிருந்தார்கள். கடன் முடித்துச் சொந்த வீட்டில் இருப்பவர்களில் அது 95 வீதம். தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்களில் 65 வீதம் மட்டும். ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் ஹரோவிலும் இல்ஃபோர்ட்டிலும் ஒரு வீட்டில் அறை அறையாக வாடகைக்கு இருந்து, வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிற எங்கள் பிள்ளைகள் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வீடு மாறினால் திரும்பப் பதிய வேண்டும், முகவரி தானாக மாறாது. பழைய வீட்டின் பதிவு புதிய வீட்டில் வேலை செய்யாது. புதிய வீட்டுக்கு வைஃபை எடுக்கிற அன்றே இதையும் செய்துவிடுங்கள்.

பதிவு செய்வதால் நாளாந்த வாழ்க்கையில் ஒரு நன்மையும் இருக்கிறது. கிரெடிட் நிறுவனங்கள் உங்கள் பெயரையும் முகவரியையும் முழு வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மோர்ட்கேஜுக்கும் கார்டுக்கும் ஃபோன் கொன்ட்ராக்டுக்கும் விண்ணப்பிக்கும்போது அது உதவும். இதற்காகவே பதிந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும், அதுவும் நல்லதுதான், எந்தக் காரணத்துக்காகப் பதிந்தாலும் வாக்கு வாக்குதான். மறுபக்கத்தில், பதிவு செய்யச் சொல்லிக் கவுன்சில் திரும்பத் திரும்பக் கேட்டும் செய்யாவிட்டால் 80 பவுண்ஸ் அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. வருடாந்த விசாரிப்புக்குப் பதில் சொல்லாமல் விட்டாலோ பொய் சொன்னாலோ அது 1,000 பவுண்ஸ் வரை போகலாம்.

உள்ளூராட்சித் தேர்தல் எதற்கு, பிரதமரைத் தெரிவு செய்கிற தேர்தலில் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு. காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படுவது எல்லாமே கவுன்சில்தான். குப்பை எந்தக் கிழமை எடுப்பது, வீட்டு வாசலில் கார் விட பெர்மிட்டுக்கு எவ்வளவு, எந்தத் தெருவை அடைப்பது, நூலகம் எத்தனை மணி வரை திறந்திருப்பது, வயதானவருக்கு வீட்டில் பராமரிப்பு கிடைக்குமா, பின்பக்கம் அறை கட்ட அனுமதி உண்டா, வாடகை வீட்டு உரிமையாளர் லைசன்ஸ் எடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. நியூஹாம் கவுன்சில் 2013இல் இங்கிலாந்திலேயே முதல் தடவையாக முழுப் பகுதிக்கும் வாடகை வீட்டு லைசன்ஸ் கொண்டுவந்தது, ஈஸ்ட் ஹாமில் பூஞ்சணம் பிடித்த அறையில் இருக்கிற ஒருவருக்கு நாடாளுமன்றத்தின் பல விவாதங்களைவிட அது நெருக்கமான விஷயம். தேர்த் திருவிழாவுக்குத் தெருவை மூடவும், கோயில் மண்டபத்தைப் பெருப்பிக்கவும், பக்கத்துத் தெருவில் கார் விடும் பிரச்சினையைத் தீர்க்கவும் நாங்கள் போய் நிற்பதும் அதே கவுன்சில் வாசலில்தான். நிற்கிறவர் அந்த வார்டின், அதாவது அந்தக் கவுன்சிலர் தொகுதியின், வாக்காளர் என்று தெரிந்தால் கேட்கிற காது வேறு மாதிரி இருக்கும், இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

காசு விஷயத்தில் கவுன்சில் பிழை விட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் குரொய்டன் உதாரணம். 2020இல் இருந்து அந்தக் கவுன்சில் தன்னிடம் செலவுக்குக் காசு போதாது என்று மூன்று தடவை அறிவித்தது, 2023இல் கவுன்சில் ராக்ஸை ஒரேயடியாக ஏறக்குறைய 15 வீதம் கூட்டினார்கள். அந்தப் பகுதியில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன! கட்டியது எல்லோரும்தான், வாக்களித்தவரும் கட்டினார், பட்டியலில் பெயரே இல்லாதவரும் கட்டினார்.

இத்தனைக்கும் லண்டன் பரோ எனப்படும் கவுன்சில் பகுதிகளின் தேர்தல்களில் 2018இலும் சரி, 2022இலும் சரி, வாக்களித்தவர்கள் 40 வீதத்தைத் தொடவில்லை. ஆட்கள் குறைவாக வரும் தேர்தலில் ஒவ்வொரு வாக்குக்கும் எடை கூடும். ஒரு வார்டில் சில பத்து வாக்குகளில் முடிவு மாறுவது இங்கே சாதாரணம், இருவருக்கும் சமமாக வந்தால் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். ஒரு தெருவில் இருக்கும் எங்கள் குடும்பங்கள் மட்டும் எழுந்து போனாலே கவுன்சிலர் யார் என்பது மாறக்கூடிய இடங்கள் இருக்கின்றன. எந்தக் கட்சிக்கு என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்களுடைய விஷயம்.

வாக்களிக்கும் நாள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், 2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் படத்துடன் அடையாள அட்டை இல்லாமல் வாக்குச்சீட்டுத் தர மாட்டார்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும்தான் சரிவரும் என்று நினைக்க வேண்டாம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டும் சரி, பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு எல்லாமே ஏற்கப்படும். பிரித்தானிய டிரைவிங் லைசன்ஸ், ப்ரொவிஷனல் என்றாலும் சரி. பழைய பீ.ஆர்.பீ. எனும் வதிவிட அனுமதிக் கார்டும் சரி, அதற்குப் பதிலாக இணையத்தில் ஈவீசா வந்ததால் அதன் காலம் முடிந்திருந்தாலும் பரவாயில்லை, முகம் உங்களுடையது என்று தெரிந்தால் போதும், காலாவதியான கடவுச்சீட்டுக்கும் அதே விதிதான். வயதானவர்களின் பயண அட்டைகளான ஃப்ரீடம் பாஸும் 60 பிளஸ் ஒய்ஸ்டரும் செல்லும். ஆனால் மாணவர்களின் ஒய்ஸ்டர் கார்டு செல்லாது. இது அநியாயம், பாட்டியின் பஸ் கார்டை நம்புகிறவர்கள் பேத்தியின் கார்டையும் நம்பியிருக்கலாம். எதுவுமே இல்லாதவர்களுக்கு ‘வோட்டர் ஒத்தோரிட்டி சேர்டிபிகேட்’ என்று ஒன்று இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஃபோனில் எடுத்த படத்தோடு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், தேர்தலுக்கு ஆறு வேலைநாட்களுக்கு முன் மாலை 5 மணிதான் கடைசி நேரம்.

முன்பு பெயர் பற்றிச் சொன்னது இங்கேதான் வருகிறது. அட்டையில் இருக்கும் பெயரும் பட்டியலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து முன்பின்னாக இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். பட்டியலில் அப்பா பெயரும் கடவுச்சீட்டில் கணவர் பெயரும் என்றால் கலியாணப் பத்திரத்தையும் கையோடு கொண்டு போங்கள். போல் கார்ட் தபாலில் வரும், அதில் உங்கள் வாக்களிப்பு நிலையம் எது என்று இருக்கும், ஆனால் அதைக் கொண்டு போவது கட்டாயமில்லை, அதைத் தொலைத்துவிட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். காலை 7 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும், இரவு வேலைக்குப் போகிறவரும் போகலாம், கடை பூட்டுகிறவரும் போகலாம். 10 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் அதற்குப் பிறகும் வாக்களிக்க விடுவார்கள். வாசலில் கட்சி ரிப்பன் குத்திக்கொண்டு உங்கள் வாக்காளர் நம்பரைக் கேட்கிறவர்கள் அதிகாரிகள் இல்லை, அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

வாக்குச்சீட்டில் எங்கள் ஆட்கள் அதிகம் குழம்புவது ஒரு விஷயத்தில். லண்டனில் பெரும்பாலான வார்டுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கவுன்சிலர்கள், பல இடங்களில் மூன்று பேர். மூன்று என்றால் மூன்று பேருக்குப் புள்ளடி (X) போடலாம். ஒன்றோ இரண்டோ மட்டும் போட்டாலும் செல்லும், நாலு போட்டால் சீட்டுச் செல்லாது. ஊரில் விருப்பு வாக்குக்கு 1, 2, 3 என்று எழுதிய பழக்கத்தில் இங்கேயும் எண் எழுத வேண்டாம், புள்ளடி மட்டும். எத்தனை பேருக்குப் போடலாம் என்று சீட்டின் மேலேயே எழுதியிருக்கும். நியூஹாம், குரொய்டன் போன்ற சில இடங்களில் மேயருக்குத் தனிச் சீட்டு ஒன்றும் தருவார்கள்.

தபால் வாக்குக்கு 2023 கடைசியிலிருந்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்தலுக்கு 11 வேலைநாட்களுக்கு முன் மாலை 5 மணிக்குள் செய்ய வேண்டும், முன்பு போல் ஆயுள் முழுக்க இருக்காது, அதிகபட்சம் மூன்று வருடத்தில் புதுப்பிக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கும் ஷிப்ட் வேலைக்காரருக்கும் இது மிகப் பெரிய உதவி. கையெழுத்தும் பிறந்த தேதியும் விண்ணப்பத்தில் கொடுத்தது போலவே இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் உட்கார்ந்து அம்மாவுடைய சீட்டு, மனைவியுடைய சீட்டு, பிள்ளைகளுடைய சீட்டு எல்லாவற்றுக்கும் தானே புள்ளடி போடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாக அம்மாவுக்கும் மனைவிக்கும் சொந்தமானதை எடுத்துக்கொள்வது. படிக்க உதவி செய்யுங்கள், சீட்டைப் பிரித்துக் கொடுங்கள், பிறகு அந்த இடத்தைவிட்டு எழும்பிப் போங்கள்.

பல்கலைக்கழகப் பிள்ளைகள் வீட்டு முகவரியிலும் படிக்கிற இடத்து முகவரியிலும் இரண்டிலும் பதியலாம். இரண்டும் வேறு வேறு கவுன்சில் என்றால் உள்ளூராட்சித் தேர்தலில் இரண்டு இடத்திலும் வாக்களிக்கலாம், நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் ஒரே இடம். இங்கிலாந்தில் 16 வயதிலேயே பதிவு செய்துவிடலாம், வாக்களிப்பது 18இல். ஜீ.சி.எஸ்.ஈ. முடிந்த கோடை விடுமுறையில் பிள்ளையை இருத்திச் செய்வித்தால் பிறகு மறந்து போகாது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் 16 வயதிலேயே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்கும் போடலாம்.

பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலைநாட்களுக்கு முன், நள்ளிரவு வரை. லண்டன் பரோக்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை, மே மாத முதல் வியாழக்கிழமையில் தேர்தல். இடையில் மே விடுமுறையும், சில வருடங்களில் ஈஸ்டரும் வேலைநாட்களாகக் கணக்கில் வராததால் கடைசி நாள் நாம் நினைப்பதைவிட முன்னாலேயே வந்துவிடும். 2022இல் மே 5 தேர்தலுக்கு ஏப்ரல் 14ஆம் தேதியோடு பதிவு முடிந்தது, அதற்கு அடுத்த நாள் பெரிய வெள்ளி. துண்டுப்பிரசுரம் கதவடியில் வந்து விழுந்து, வேட்பாளர் பெல் அடித்து, தேர்தல் வருகிறது என்ற உணர்வு எங்களுக்கு வரும்போது பட்டியல் மூடியிருக்கும். மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், பெயர் இருக்கிறதா என்று சந்தேகம் என்றால் கவுன்சிலுக்கு எடுக்கும் ஃபோனையும் அதே மாதத்தில் எடுங்கள். ஏப்ரலில் அந்த நம்பரில் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.